எலீஸுக்கு விடைகொடுத்தல்: எடையைத் துறந்த ஒரு வண்டியைப் பற்றி

2021 டிசம்பரில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹெத்தல் தொழிற்சாலையில் லோட்டஸ் எலீஸ் என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கு உருவான எலீஸ் கார்களின் மொத்த எண்ணிக்கை 35,124. மாருதி சுசூகி நிறுவனம் இன்று ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் கார்களைச் செய்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எலீஸின் கால் நூற்றாண்டு முழுவதும் மாருதியின் ஒரு வார வேலை. உலகச் சந்தையின் பேரேட்டில் அதன் இடம் ஓர் அடிக்குறிப்பு அளவுக்குக்கூட வராது. ஆயினும் அது நின்றுபோன செய்தி உலகின் பல மூலைகளில் உள்ளவர்களை ஒரு நெருங்கிய மனிதரின் மறைவைப் போலத் தாக்கியது. இந்தத் துயரத்தின் பொருள் என்ன, இது தகுதியுடைய துயரமா என்னும் கேள்விகள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

எலீஸ் எவ்வகையிலும் வசதியான வண்டி அன்று. இரண்டே இருக்கைகள். கதவுக்குக் கீழே அகன்று உயர்ந்து நிற்கும் சட்டகத்தின் விளிம்பைக் கடந்து உள்ளே இறங்குவதே தனிக்கலை. மழை வந்தால் துணிக்கூரையைக் கையால் இழுத்து மாட்ட வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்ப எந்த மோட்டாரும் நீரழுத்தமும் துணைக்கு வராது. முதல் வண்டி தொடங்கிக் கடைசி வண்டி வரை அதன் நிலை அதுவே. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஓட்டுபவரின் உள்ளங்கைக்கு வந்து சேரும். அதை நேசித்தவர்கள் நேசித்தது இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அன்று. இக்குறைகள் எதற்காக விடப்பட்டன என்பதை அறிந்து.

இந்தியாவைப் பொறுத்தவரை இந்த நேசம் இன்னும் விந்தையானது. லோட்டஸ் நிறுவனம் இந்நாட்டில் முறைப்படி கால்வைத்தது 2023 நவம்பரில்தான். எலீஸ் விடைபெற்று ஏறக்குறைய ஈராண்டுகள் கழித்து. இங்கு வளர்ந்த ஒரு தலைமுறை அதனை அறிந்தது திரையின் வழியாக. 2005 இல் வெளிவந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட் விளையாட்டில் எலீஸ் ஒரு வண்டியாக இடம்பெற்றிருந்தது. மணிக்கு இத்தனை ரூபாய் என்று கட்டணம் வாங்கிய பிரவுசிங் சென்டர்களிலும், விடுதி அறைகளின் பழைய கணினிகளிலும், தம்மைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட வண்டிகளுக்கு எதிராக அந்தச் சிறு வண்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. அவர்களுள் சிலர் பின்னர் இயந்திரப் பொறியியல் படித்தனர். சிலர் பொருளறிவியலுக்குச் சென்றனர். சிலர் காருக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத துறைகளில் ஆய்வு செய்கின்றனர். ஓட்டியறியாத, பெரும்பாலும் நேரில் கண்டுமிராத ஒன்றின்மீது இத்தகைய பற்று நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுலகம் இதை நகைக்க முடியாது. இடிந்துபோன கோயிலின் கல்வெட்டுப் படி ஒன்றோடு வாழ்நாளைக் கழிப்பவரும், பேசுவோர் எவரும் எஞ்சாத மொழியின் இலக்கணத்தை எழுதுபவரும் செய்வது இதுவே: நேரில் காணாத ஒன்றை அதன் அமைப்பின் வழியே அறிந்து நேசித்தல்.

எலீஸின் பிறப்பு வறுமையில் நிகழ்ந்தது. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றவர். ஆற்றலைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதே விரைவுக்கு நேர்வழி என்பது அவரது கொள்கை. 1982 இல் அவர் மறைந்தபின் நிறுவனம் கைமாறியது. ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து 1993 இல் அதனை வாங்கிய ரொமானோ அர்த்தியோலி என்னும் இத்தாலியர் அப்போது புகாட்டி நிறுவனத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் புகாட்டி 1995 இல் நொடித்துப்போனது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் எலீஸ் முதன்முதலாகத் திரை விலக்கப்பட்டது. அர்த்தியோலியின் பேத்தி எலிஸாவின் பெயரே வண்டிக்குச் சூட்டப்பட்டது. பள்ளி செல்லும் வயதுகூட ஆகாத அக்குழந்தை அன்று அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். விலையுயர்ந்த வடிவமைப்புக்கோ பெரிய எஞ்சினுக்கோ பணமில்லாத ஒரு நிறுவனம், தன்னிடம் இருந்த ஒரே செல்வத்தை, அதாவது எதை விடலாம் என்னும் அறிவை, முழுமையாகச் செலவிட்டு உருவாக்கிய வண்டி அது.

அந்த அறிவு எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதைக் காண வேண்டுமானால் வண்டியின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு அதன் சட்டகத்தைப் பார்க்க வேண்டும். ஜூலியன் தாம்சன் வடித்த உடல் அழகானது. ஆனால் ரிச்சர்ட் ராக்கம் வகுத்த சட்டகமே எலீஸின் உண்மையான சாதனை. முறுக்கு அச்சின் துளை வழியே மாவு பிதுங்கி ஒரே வடிவில் நீண்டு வருவதைப் போல, சூடேற்றிய அலுமினியத்தை அச்சுத் துளை வழியே அழுத்தி, உள்ளீடற்ற நீண்ட பெட்டிக் கட்டைகளாக எடுத்தார்கள். அவற்றை வேண்டிய நீளத்துக்கு அறுத்து, எபாக்ஸிப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டி, சூளையில் வைத்து இறுகச் செய்தார்கள்.

பசையா என்று வியப்போர் உண்டு. அலுமினியக் கட்டைகளை வெல்டிங் செய்தால் இணைப்பை ஒட்டிய பகுதி வெப்பத்தால் வலுவிழக்கும். அந்த இழப்பை ஈடுசெய்ய உலோகத்தைத் தடிப்பாக எடுக்க வேண்டும். தடிப்பு என்றால் எடை. பசை அப்படியன்று. அது விசையை ஒரு புள்ளியில் குவிக்காமல் பரப்பு முழுவதிலும் பகிர்ந்தளிக்கும். எனவே சுவர்கள் மெல்லியவையாக இருக்கலாம். பசைக்கும் ஒரு பலவீனம் உண்டு: நேராக இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுக்கொடுக்கும். அதனால் உரியத் தொடங்கக்கூடிய இடங்களில் மட்டும் உலோகப் பிணைப்பான்களைச் செலுத்தினார்கள். இவ்வாறு உருவான முழுச் சட்டகத்தின் எடை 68 கிலோ. ஒரு சராசரி மனிதரின் எடை. இரண்டு பேரையும் ஓர் எஞ்சினையும் சுமந்துகொண்டு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுகளைத் தாங்கவல்ல எலும்புக்கூடு அது.

எஞ்சின் ஆரவாரமற்றது: ரோவர் நிறுவனத்தின் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், 118 குதிரைத்திறன். அந்த எஞ்சின் குடும்பமே சாதாரணக் குடும்பக் கார்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் முழு வண்டியின் எடை 725 கிலோதான். இந்தியச் சாலைகளை நிறைத்த மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ என்பதை நினைவிற்கொண்டால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். எடை குறைந்தால் சிறிய பிரேக் போதும். சிறிய பிரேக் இருந்தால் சிறிய சக்கரம் போதும். மெல்லிய டயரும் இலகுவான சஸ்பென்ஷனும் போதும். சிறிய எஞ்சினும் அதற்கேற்ற சிறிய எரிபொருள் தொட்டியும் போதும். ஒவ்வொரு குறைப்பும் அடுத்த குறைப்புக்கு வழிவிடும். இதற்கு எதிர்த்திசையும் உண்மை. ஒரு கிலோவைச் சேர்த்தால் அது தனியே வராது. தன்னைச் சுமப்பதற்கு இன்னும் சிறிது எடையைக் கூட்டிக்கொண்டு வரும். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்துவது அரசியல் நீதி. எலீஸை வகுத்தவர்களுக்கு அது அன்றாடக் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்பதே எலீஸின் எஞ்சிய வரலாறு. ஐரோப்பாவின் புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் 2000 இல் முதல் வடிவத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஓப்பல் ஸ்பீட்ஸ்டர் என்னும் உடன்பிறப்பை ஹெத்தலிலேயே செய்துதர ஒப்புக்கொண்டதால் கிடைத்த பணம் இரண்டாம் வடிவத்தைச் சாத்தியமாக்கியது. அமெரிக்காவின் புகைவிதிகளை நிறைவேற்ற 2004 இல் டொயோட்டா எஞ்சின் வந்தது. காற்றுப்பைகள் வந்தன, சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக் வந்தது, குளிரூட்டி வேண்டும் என்றோருக்கு அதுவும் வந்தது. அமெரிக்கக் காற்றுப்பை விதியிலிருந்து பெற்றிருந்த விலக்கு முடிந்ததும் 2011 இல் அந்நாட்டுச் சாலைகளுக்கான விற்பனை நின்றது. கடைசிப் பதிப்புகளில் ஒன்றான ஸ்போர்ட் 240 இன் எடை சுமார் 920 கிலோ. தொடக்கத்தைவிட ஏறத்தாழ 200 கிலோ கூடுதல். ஆயினும் இறுதிவரை ஒரு டன்னை எட்டவில்லை.

இந்த வரலாற்றில் விதிகளைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது, நேர்மையானது அன்று. காற்றுப்பைகளும் மோதல் சோதனைகளும் உயிர்களைக் காத்திருக்கின்றன. புகைவிதிகள் இல்லாத நகரங்களில் குழந்தைகளின் நுரையீரலுக்கு என்ன நேர்கிறது என்பதை டெல்லியின் குளிர்காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிக்கல் விதிகள் இருப்பதில் இல்லை. அவை எதை அளக்கின்றன என்பதில் இருக்கிறது. வண்டியினுள் இருப்பவருக்கு நேரும் தீங்கை அளப்பதில் பெரும் முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. வண்டியின் எடை பிறருக்கு, அதாவது நடந்து செல்வோருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் சிறிய வண்டியில் வருவோருக்கும், விளைக்கும் தீங்கை அளப்பதில் அத்தகைய அக்கறை காட்டப்படவில்லை. இதன் விளைவு ஆயுதப் போட்டியின் தருக்கத்தை ஒத்தது. அடுத்தவர் வண்டி கனமானால் என் வண்டியும் கனமாக இருந்தால்தான் எனக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வொருவரும் கருதுகிறார்கள். தனித்தனியே ஒவ்வொருவர் முடிவும் அறிவுடையது. கூட்டாகப் பார்த்தால் சாலையே கனத்துப் போகிறது. இந்தியாவில் விற்கும் பயணிகள் கார்களில் பாதிக்கு மேல் இன்று எஸ்யூவி போன்ற பெருவண்டிகளே. அச்சாலையில் எடையைத் துறந்து வருபவர் படைக்கலமின்றிப் போர்க்களம் புகுந்தவரின் நிலைக்கு ஆளாகிறார்.

மின்காரின் வருகை இக்கதைக்கு ஒரு விசித்திரமான திருப்பத்தைத் தருகிறது. டெஸ்லா நிறுவனத்தின் முதல் காரான ரோட்ஸ்டர் எலீஸின் அடிப்படை அமைப்பிலிருந்து வளர்ந்தது. 2008 முதல் 2012 வரை விற்பனையான ஏறத்தாழ 2,450 ரோட்ஸ்டர்களின் எஞ்சினற்ற உடல்கள் ஹெத்தலில்தான் உருவாயின. மின்காரால் விரைவும் இன்பமும் தர முடியும் என்பதை உலகம் முதன்முதலாக நம்பியது ஒட்டுப் பசையால் பிணைத்த அந்த அலுமினியக் கட்டமைப்பின் மேல்தான். 2018 பிப்ரவரியில் ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பப்பட்ட சிவப்பு நிற ரோட்ஸ்டர் இன்னும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹெத்தல் கைகளின் வேலைப்பாடு அதிலும் இருக்கிறது. பெட்ரோல் யுகத்தின் ஒரு சிறு வண்டி தன்னை ஓய்வுக்கு அனுப்பவிருந்த யுகத்துக்கு முதல் உடலைக் கொடுத்தது. ஆனால் கொடுத்தது உடலை மட்டுமே. ரோட்ஸ்டரின் எடை ஏறத்தாழ 1,300 கிலோ. அதில் பாட்டரித் தொகுதி மட்டும் 450 கிலோ அளவுக்கு இருந்தது. எடையைத் துறக்கும் ஒழுக்கம் அந்தப் புதிய யுகத்துக்குக் கைமாறவில்லை.

லோட்டஸுக்கே அது கைமாறவில்லை என்பதுதான் வேதனை. 2017 இல் சீனாவின் ஜீலி குழுமம் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. எலீஸ், எக்சீஜ், இவோரா ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்த எமிரா ஏறத்தாழ 1,400 கிலோ. இந்தியாவில் நுழைந்தபோது லோட்டஸ் கொண்டுவந்த முதல் வண்டி வூஹானில் உற்பத்தியாகும் எலெட்ரே என்னும் மின் எஸ்யூவி. எடை சுமார் இரண்டரை டன். தொடக்க விலை 2.55 கோடி ரூபாய். எடைக் கணக்கில் ஓர் எலெட்ரே மூன்று முதல்வடிவ எலீஸ்களுக்கும் மேல். நிறுவனத்தைக் குறைசொல்ல இதில் இடம் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரத்து நானூறு எலீஸ்களை விற்று ஒரு தொழிற்சாலையைக் காலத்துக்கும் நடத்த முடியாது. எடையுள்ளதை வாங்கவே உலகம் வரிசையில் நின்றால் எடையற்றதைச் செய்வோர் எவ்வளவு காலம் தாங்குவர்? அப்படியும் ஹெத்தலுக்கு அமைதி கிட்டவில்லை. 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் 550 பணியிடங்கள் வரை குறைக்கப்படலாம் என்று லோட்டஸ் அறிவித்தது. ஒரு வண்டிக்கு விடைகொடுக்கும்போது அதைச் செய்த கைகளும் விடைபெறக்கூடும் என்பதை ஆர்வலர்களின் இரங்கற்குறிப்புகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

இங்கு ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். புவி வெப்பமடையும் காலத்தில், வசதி படைத்தோர் வார இறுதிகளில் ஓட்டி மகிழ்ந்த பெட்ரோல் காருக்காக வருந்துவது அறமா? வேலைக்குச் செல்லப் பேருந்தின் படியில் தொங்குவோர் கோடிக்கணக்கில் இருக்கும் நாட்டில், ஆய்வாளர்கள் சிந்திக்க வேறு பொருளே இல்லையா? பெட்ரோல் எஞ்சினின் ஓசைக்காகவும் அதன் மணத்துக்காகவும் வருந்துகிறவரிடம் இந்தக் கேள்விக்கு விடை இருக்காது. அந்த ஓசை போக வேண்டியதே, போவதே நல்லது. ஆனால் எலீஸோடு போவது ஓசை மட்டும் அன்று. ஓர் இயந்திரம் தனக்கு எது போதும் என்பதைத் தானே கேட்டுக்கொண்டு, அந்த விடையைப் பொருளாக வடித்து, சாலையில் ஓட்டியும் காட்டியது. குறைவான உலோகத்தில், குறைவான எரிபொருளில், குறைவான டயர்த் தேய்மானத்தில் நிறைவான இன்பம் கிட்டும் என்று மெய்ப்பித்தது. குறைவு என்றால் துன்பம் என்று அஞ்சிக்கொண்டிருக்கும் உலகுக்கு இதைவிடப் பயனுள்ள சான்று வேறு என்ன இருக்க முடியும்? சூழலுக்காக எதையேனும் விடுங்கள் என்று சொல்வோர் பெரும்பாலும் தியாகத்தின் மொழியில் பேசுகின்றனர். எலீஸ் அதே கருத்தை மகிழ்ச்சியின் மொழியில் பேசியது.

சங்க இலக்கியத்தில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் புலவரும் சார்ந்தோரும் செயலற்று நின்று புலம்புவது அது. அப்பாடல்கள் மாண்டவனின் புகழை மட்டும் பாடுவதில்லை. அவனை நம்பியிருந்தோர் இனி யாரிடம் செல்வர் என்றும் கேட்கின்றன. ஓர் இயந்திரத்துக்கு அத்துறையைப் பொருத்துவது மிகையாகத் தோன்றலாம். எனினும் எலீஸின் மறைவில் எஞ்சும் கேள்வி அவ்வகையைச் சேர்ந்ததே. இது முடியும் என்று காட்ட ஒரு வண்டி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. இனி, எடை குறைந்த மின்காரைக் கனவு காணும் இளம் பொறியாளர், முடியாது என்று தலையசைக்கும் மேலாளரிடம் எதைச் சுட்டிக்காட்டுவார்?

ஒருவேளை அதே வண்டியைத்தான். அலுமினியம் எளிதில் துருப்பிடிப்பதில்லை; கண்ணாடி இழை உடலும் துருப்பிடிப்பதில்லை. 35,124 இல் பல இன்னும் ஓடுகின்றன. எலீஸ்களின் கடைசி வண்டிகளுள் ஒன்று, கண்காட்சியில் குழந்தையாக அமர்ந்திருந்து இன்று வளர்ந்த பெண்ணாகிவிட்ட எலிஸா அர்த்தியோலிக்கே சென்று சேர்ந்தது. சட்டகத்தின் கணக்குகள் மறையவில்லை. பசைப்பிணைப்பைப் படிக்கும் மாணவருக்கு அவை இன்றும் திறந்தே கிடக்கின்றன. முறுக்கு அச்சும் சூளையும் பசையும் எவருடைய தனியுடைமையும் அல்ல. பாட்டரிகளின் எடை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது. அப்படி மீதமாகும் ஒவ்வொரு கிலோவையும் இன்னொரு திரைக்கும் இன்னொரு மோட்டாருக்கும் கொடுத்துவிடாமல், மீதமாகவே விட்டுவைக்கும் துணிவு எவருக்கேனும் வந்தால் போதும்.